ஒன்றாம் நம்பர் திரையைத் திருப்பியது யார்?

திங்கட்கிழமை மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். பேருந்து நிலையத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை வலது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

யாருக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளவில்லை. பேருந்து நேரங்களைக் காட்டும் திரைதான் பக்கவாட்டில் படுத்துவிட்டது. எழுத்துகள் இடமிருந்து வலமாகப் போகாமல் மேலிருந்து கீழாக இறங்கின. குடை வைத்திருந்த தாத்தா ஒருவர் சாய்ந்து சாய்ந்து பார்த்து, கடைசியில் பக்கத்தில் நின்றவர் மேலேயே சாய்ந்துவிட்டார்.

விசாரணை அறையின் கண்ணாடி வழியாக இதைப் பார்த்த மிளகு, "அம்மா, சீக்கிரம் வா! எல்லாரும் சாயறாங்க!" என்று கத்தினாள்.

மிளகு என்பது அவளுடைய பள்ளிப் பெயர் இல்லை. ஆள் சின்னது, பேச்சு காரம் என்று டிரைவர் மாமா ஒருவர் வைத்த பெயர். பேருந்து நிலையத்தில் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுடைய அம்மாவுக்கு, பயணிகளுக்குப் பேருந்து நேரம் சொல்லும் விசாரணை அறையில் வேலை. அறை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். மேசை கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அதன்மேல் ஒரு கணினி, இரண்டு திரைகள். ஒரு திரை அம்மாவைப் பார்த்து நிற்கும். இன்னொன்று கண்ணாடியை ஒட்டி வெளியே பார்த்து நிற்கும். அம்மா உள்ளே நேரத்தை மாற்றினால் வெளியே பயணிகளுக்கு அது தெரியும். வெளித் திரை அன்று காலையில்தான் வந்திருந்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. கரும்பலகை ஒருநாளும் படுத்ததில்லை.

அம்மா ஓடிவந்து, செட்டிங்ஸைத் திறந்து, திரையின் திசையை மாற்றினார். வெளியே எல்லோருடைய கழுத்தும் நிமிர்ந்தது.

"என்னாச்சு இதுக்கு?" என்றார் அம்மா.

"தெரியலம்மா. நான் வந்து பட்டனைப் போட்டேன். படுத்துக்கிட்டே எழுந்திருக்கு."

தினமும் நான்கு மணிக்கு அம்மாவுக்குக் கால் மணி நேரம் தேநீர் இடைவேளை. மிளகு பள்ளிவிட்டு நேரே இங்கேதான் வருவாள். இருவரும் கேன்டீனில் ஒரு டீயும் ஒரு பாலும் குடிப்பார்கள். அம்மா டம்ளரைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் மிளகு முன்னால் ஓடிவந்து மின்விசிறியையும் திரையையும் போட்டுவைப்பாள். அவை எப்போதும் அணைந்துதான் இருக்கும். ஏனென்றால் அந்த நிலையத்தில் ஆள் இல்லாத அறையில் எதுவும் எரியவோ சுழலவோ முடியாது. லென்ஸ் சார் விடமாட்டார்.

லென்ஸ் சார்தான் நிலைய மேலாளர். மூக்கின் நுனியில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள். எதையும் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். எங்கேயாவது ஒரு விளக்கு வீணாக எரிந்தால் மூன்று பிளாட்பாரம் தள்ளி இருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

செவ்வாய்க்கிழமை திரை தலைகீழாக நின்றது.

படுத்திருந்தால் கழுத்தைச் சாய்க்கலாம். தலைகீழாக நின்றால் என்ன செய்வது? இரண்டு பைகளோடு வந்த ஓர் அக்கா குனிந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார், கையில் இருந்த செல்போனில் படம் எடுத்து அதைத் திருப்பிப் பார்த்தார். அவர் கண்டுபிடித்து முடித்தபோது அவருடைய பேருந்து கிளம்பிப் போயிருந்தது.

அந்த அக்கா தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்லிவிட்டார். தலைமை அலுவலகம் லென்ஸ் சாருக்குப் போன் செய்தது. லென்ஸ் சார் நேரே விசாரணை அறைக்கு வந்தார்.

"யாரும்மா இதைத் திருப்புறது?"

"தெரியல சார். ரெண்டு நாளா இப்படி ஆகுது. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா திரும்பியிருக்கு."

"முதல்ல பாக்குறது யாரு?"

மிளகு கையைத் தூக்கினாள். "நான்தான் சார்."

"ம்ம்," என்றார் லென்ஸ் சார். அந்த 'ம்ம்' மிளகுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மிளகு தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிவிட்டாள். தலைப்பு: சந்தேகப்பட வேண்டியவர்கள்.

முதலில் பன்னிரண்டாம் நம்பர் டிரைவர் மாமா. அவருக்கு விளையாட்டுப் புத்தி அதிகம். ஒருமுறை கண்டக்டரின் விசிலுக்குள் பஞ்சை வைத்தவர். அடுத்து கேன்டீன்காரர். டீ ஆறிப்போச்சு என்று அம்மா ஒருநாள் சொன்னதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். பிறகு கம்ப்யூட்டர் அக்கா. கணினி கெட்டால்தானே அவருக்கு வேலை? நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அம்மாவையும் எழுதினாள். கடைசியில் தன் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'தெரியாமல் செய்திருந்தால்?' என்று ஒரு கேள்விக்குறி போட்டாள்.

லென்ஸ் சார் பட்டியலில் இல்லை. பிடிக்க வந்தவரை யாராவது சந்தேகப்படுவார்களா?

புதன்கிழமையும் திரை படுத்திருந்தது. இந்த முறை இடது பக்கமாக. அம்மா அதை நேராக்கி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் அக்கா வந்துவிட்டார். முதுகில் ஒரு பை, காதில் ஒரு பேனா. லென்ஸ் சாரும் வந்து நின்றார். எட்டிப் பார்க்க இரண்டு டிரைவர்களும் வந்தார்கள். குட்டி அறை நிறைந்துவிட்டது.

அக்கா முதலில் வயர்களை ஆட்டிப் பார்த்தார். கணினியை அணைத்துப் போட்டார். பிறகு எதையோ அழுத்தினார். வெளித் திரையில் பெரிதாக '1' என்றும் உள் திரையில் '2' என்றும் தோன்றியது.

"இது என்னக்கா?" மிளகு அருகில் போய் நின்றாள்.

"கம்ப்யூட்டர்கிட்ட எது எந்த ஸ்கிரீன்னு கேட்டேன். வெளியே இருக்கிறதைத்தான் இது ஒண்ணாம் நம்பரா வச்சிருக்கு. இப்ப பாரு."

அக்கா கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினார். வெளியே நின்ற யாரோ, "அட, மறுபடியுமா!" என்றார்கள். மேல் அம்புக்குறியோடு அழுத்தினார். வெளியே, "அப்பாடா!" என்றார்கள்.

"இது ஒரு குறுக்குவழி. இந்த மூணையும் ஒண்ணா அழுத்தினா ஒண்ணாம் நம்பர் ஸ்கிரீன் திரும்பும். எந்த அம்புக்குறியோ அந்தப் பக்கம்."

"கன்ட்ரோல் ரெண்டு இருக்கே? ஆல்ட்டும் ரெண்டு இருக்கே?"

"எதை அழுத்தினாலும் ஒண்ணுதான். ரெண்டு கைக்கும் வசதிக்கு வச்சிருக்காங்க."

"உள்ள இருக்கிறதை ஒண்ணாம் நம்பரா ஆக்க முடியுமாக்கா?"

"ஓ, ஆக்கலாமே. இதோ, இங்க ஒரு டிக்." அக்கா செய்து காட்டிவிட்டு மறுபடி பழையபடி மாற்றினார். மிளகு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

லென்ஸ் சார் தொண்டையைச் செருமினார். "அப்போ இது தானா நடக்கல?"

"இல்ல சார். யாரோ பட்டனை அழுத்தியிருக்காங்க. இந்தக் குறுக்குவழியே வேலை செய்யாம அணைச்சு வச்சிடலாம். ரெண்டு நிமிஷம்தான்."

"வேணாம்!" லென்ஸ் சார் கையை நீட்டித் தடுத்தார். "அணைச்சிட்டா ஆள் தப்பிச்சுக்கும். எனக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சாகணும்."

பிறகு கண்ணாடிக்கு மேலாக மிளகைப் பார்த்தார். "பாப்பா, கையைக் காட்டு."

மிளகு இரண்டு கைகளையும் நீட்டினாள். லென்ஸ் சார் அவளுடைய விரல்களையே உற்றுப் பார்த்தார். ஒரு கையால் மூன்று பட்டன்களை எட்டிப் பிடிக்க அந்த விரல்களுக்கு நீளம் போதுமா என்று அளந்தார் போலிருக்கிறது. டிரைவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

மிளகுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவள் எதுவும் செய்யவில்லை. ஆனால் நீட்டிய கைகள் திருடின கைகள் போல அவளுக்கே தோன்றின. அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா கேட்டார்: "நீ இல்லதானே?"

"நான் இல்லம்மா."

"சரி."

நான்கு கடைகள் தாண்டினார்கள். அம்மா மறுபடி கேட்டார்: "விளையாட்டுக்குக்கூட ஒரு தடவை...?"

மிளகு அம்மாவின் கையை விட்டுவிட்டாள். மீதி வழி முழுவதும் அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லென்ஸ் சாரின் 'ம்ம்' வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது.

வியாழக்கிழமை கேன்டீனில் இருந்து திரும்பி வந்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. வெளித் திரை சமர்த்தாக நேராக நின்றது. மிளகுக்கு ஒரே ஆச்சரியம்.

"சார் இன்னைக்கு வரல. தலைமை ஆபீஸ்ல மீட்டிங்," என்றார் டிரைவர் மாமா.

மிளகு நோட்டில் எழுதினாள்: வியாழன். திரும்பவில்லை. கொஞ்சம் யோசித்து, 'எல்லாம் எரிந்துகொண்டிருந்தது' என்றும் எழுதினாள். ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

லென்ஸ் சாருக்கோ எல்லாம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் அம்மாவிடம் சொன்னார்: "பாத்தீங்களா? கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து போனதும் வியாழக்கிழமை ஒண்ணும் நடக்கல. பயம் வந்துடுச்சு. நான் யார்மேலயும் பழி போடல. ஆனா, திங்கட்கிழமையில இருந்து பிள்ளைங்க இங்க வர வேணாம்."

"சார், பள்ளிக்கூடம் விட்டா அவளுக்குப் போக வேற இடம் இல்ல."

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. 'விசாரணை அறைக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.' கீழே அவருடைய கையெழுத்து. அதற்குக் கீழே தேதி. நேரம்கூடப் போட்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பெரியம்மா வீடு இருந்தது. அங்கே மூன்று அண்ணன்கள், ஒரு டிவி, உட்கார்ந்து எழுத ஒரே ஒரு மேசை. ஆனால் மேசை ஒரு பிரச்சினையே இல்லை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. காலையில் அவசரம், இரவில் அசதி. மாலையில் இந்தக் குட்டி அறையில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் மிளகுக்கு அம்மா முழுசாகக் கிடைக்கும் நேரம். அதுதான் போகப்போகிறது.

நான்கு மணி ஆனது. "வா, பால் குடிக்கலாம்," என்றார் அம்மா.

"எனக்கு வேணாம். நீ போய்ட்டு வா."

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மிளகு வெளியே வந்து ஒரு பயணியைப் போலத் திரையின் முன்னால் நின்றாள். பெரியம்மா வீட்டுக்குப் போகும் முப்பத்தொன்றாம் நம்பர் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. முப்பது... முப்பத்தொன்று... நான்கு இருபத்தைந்து...

டக்கென்று திரை தலைகீழாகத் திரும்பியது.

அவள் கண் எதிரே! கையும் களவுமாக!

கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே இருந்த சந்தில் ஏதோ அசைந்தது. ஐந்து விரல்கள் மெல்ல ஊர்ந்து வந்தன. பெரிய விரல்கள். மணிக்கட்டில் ஒரு பழைய கடிகாரம். அந்த விரல்கள் திரையின் அடி விளிம்பைத் தடவித் தடவி ஒரு பட்டனைக் கண்டுபிடித்தன. அழுத்தின. திரை இருண்டது.

மிளகு பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணாடியில் மூக்கு நசுங்க எட்டிப் பார்த்தாள்.

உள்ளே லென்ஸ் சார் மேசைமேல் பாதிப் படுத்துக் கிடந்தார். வலது கை திரைக்குப் பின்னால் போயிருந்தது. விழுந்துவிடாமல் இருக்க இடது கையை ஊன்றியிருந்தார். எங்கே? கீபோர்டின் வலது மூலையில். ஆல்ட், கன்ட்ரோல், அம்புக்குறிகள் எல்லாம் பக்கத்து பக்கத்து வீடாகக் குடியிருக்கிற அதே மூலையில். அவருடைய அகலமான உள்ளங்கை மொத்தக் குடும்பத்தையும் அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் எழுந்தார். சட்டையைத் தட்டினார். உள் திரையையும் மின்விசிறியையும் அணைத்தார். மின்சாரத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வெளியே போனார். வெளித் திரை திரும்பியதை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அதன் முதுகைத்தானே பார்த்தார்.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். மிளகும் வாயைத் திறந்துவிட்டாள். பிளாட்பாரம் நிறைய ஆட்கள். டிரைவர்கள், கண்டக்டர்கள், கேன்டீன்காரர். ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும். எல்லோரும் லென்ஸ் சாரின் கையைப் பார்ப்பார்கள்.

அவருடைய கையை.

புதன்கிழமை தன் கையை எல்லோரும் பார்த்தது நினைவுக்கு வந்தது. காது இரண்டும் மறுபடி சூடாயின. அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு ஆளுக்கு அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதுவும் போக, அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? தப்பிக்கப் பொய் சொல்கிறாள் என்பார்கள். அவரே பார்க்க வேண்டும். அவர் மட்டும் பார்த்தால் போதும்.

மிளகு நோட்டைத் திறந்தாள். புதன்கிழமைப் பக்கத்தில் இருந்தது வழி.

சனிக்கிழமை பள்ளி இல்லை. தடை திங்கட்கிழமையில் இருந்துதானே? அவள் அம்மாவோடு காலையிலேயே வந்துவிட்டாள். நான்கு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது சொன்னாள்:

"அம்மா, நான் ஒரு செட்டிங்கை மாத்தணும். ஏன்னு இப்ப கேக்காத. அப்புறம் நான் இங்கயே இருக்கேன். நீ மட்டும் கேன்டீனுக்குப் போ."

அம்மாவின் முகம் மாறியது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். மிளகின் கையைப் பார்த்தார். யாராவது இந்த நேரத்தில் வந்து, இவள் செட்டிங்ஸைத் தொடுவதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார். அம்மாவின் வேலையே போனாலும் போகலாம்.

"நீ இல்லன்னு சொன்ன," என்றார் அம்மா மெதுவாக.

"நான் இல்லம்மா."

அம்மா இன்னொரு முறை கேட்கவில்லை. நாற்காலியில் இருந்து எழுந்து, மவுஸை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார்.

மிளகு நோட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். இங்கே ஒரு டிக். உள் திரையில் '1' வந்தது. வெளித் திரை '2' ஆனது. அவள் போய்க் கதவருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு ஐந்துக்கு லென்ஸ் சார் வந்தார். அவளைப் பார்த்ததும் கண்கள் கண்ணாடிக்கு மேலே ஏறின.

"நீ தனியா இங்க என்ன பண்ற?"

"உங்களுக்காகத்தான் சார் உக்காந்திருக்கேன்."

"எனக்காகவா?" அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார். "வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார். ஸ்கிரீனைத் திருப்புற ஆளை உங்களுக்குக் காட்டணும். கதவைச் சாத்திக்கட்டுமா?"

"எதுக்குச் சாத்தணும்?" லென்ஸ் சாருக்கு இப்போது முழுச் சந்தேகம்.

"அவரை வேற யாரும் பாக்க வேணாம். பாவம், அவருக்கே தெரியாது."

லென்ஸ் சார் தானே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எங்க ஆளு?"

"வருவார் சார். நீங்க அதுக்குள்ள எப்பவும் பண்ற மாதிரி எல்லாத்தையும் அணைங்க. ஆள் இல்லாத அறைன்னு நினைச்சுக்கங்க. முதல்ல வெளி ஸ்கிரீன்."

அணைப்பது என்றால் அவருக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை. மேசைமேல் சாய்ந்தார். வலது கையைத் திரைக்குப் பின்னால் விட்டார். இடது கையை ஊன்றினார்.

அவருடைய மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், உள் திரை டக்கென்று தலைகீழாகத் திரும்பியது.

லென்ஸ் சார் அப்படியே நின்றுவிட்டார். பாதிப் படுத்தபடி. கண்ணாடி மூக்கில் இருந்து நழுவி மேசையில் விழுந்தது. அவர் திரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி ஊன்றினார். இந்த முறை திரை பக்கவாட்டில் படுத்தது.

"நானா?" என்றார்.

"ஒண்ணாம் நம்பரை மட்டும் உள்ள மாத்தி வச்சேன் சார். இல்லன்னா உங்களுக்குத் தெரியாது. அதோட முதுகுதானே உங்க பக்கம் இருக்கு."

"தினமுமா?"

"வியாழக்கிழமை இல்ல சார். அன்னைக்கு நீங்க மீட்டிங் போய்ட்டீங்க."

லென்ஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. மிளகு எழுந்து மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. அம்மா கதவைத் திறந்தார். அம்மாவுக்குப் பின்னால் டிரைவர் மாமாவும் கேன்டீன்காரரும் தலையை நீட்டினார்கள். அந்த நிலையத்தில் ஒரு கதவு சாத்தியிருந்தால் போதும், எல்லோருக்கும் அங்கே வேலை வந்துவிடும்.

"என்ன சார், கதவைச் சாத்தி விசாரணையா? ஆளைப் பிடிச்சாச்சா?" என்றார் டிரைவர் மாமா.

லென்ஸ் சாரின் காதுகள் சிவந்துபோனதை மிளகு பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சிவப்புதான்.

"ஆச்சு மாமா," என்றாள் அவசரமாக. "கீபோர்டு வச்சிருக்கிற இடம் சரியில்ல. யார் சாஞ்சாலும் கை அதுமேல படும். தள்ளி வச்சா சரியாயிடும்."

"யார் சாஞ்சாங்க?"

மிளகு வாயை மூடிக்கொண்டாள். காரமான வாய்தான், ஆனால் மூடவும் தெரியும்.

லென்ஸ் சார் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, முதல் முறையாகக் கண்களுக்கு நேராக மாட்டிக்கொண்டார். எழுந்து நின்றார்.

"நான்தான் சாஞ்சேன்," என்றார். "தினமும் நான்தான். ஸ்கிரீனை அணைக்கப் போய் நானே திருப்பிட்டு, இந்தக் குழந்தை கையைப் போய்ப் பாத்தேன்."

டிரைவர் மாமா சிரிக்க வாயைத் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். லென்ஸ் சார் மிளகின் முன்னால் வந்து தன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நல்லாப் பாத்துக்கோ பாப்பா."

மிளகு குனிந்து, அவர் பார்த்த மாதிரியே விரல் விரலாகப் பார்த்தாள். "ம்ம்," என்றாள்.

இப்போது எல்லோருமே சிரித்துவிட்டார்கள். லென்ஸ் சாரும் அசடு வழியச் சிரித்தார். கம்ப்யூட்டர் அக்காவுக்குப் போன் செய்து அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடச் சொன்னார். போகும்போது கதவில் இருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா, "நான் உன்னைக் கேட்டிருக்கக் கூடாது," என்றார்.

"கேட்டதுகூடப் பரவாயில்லம்மா. ரெண்டாவது தடவை கேட்ட பாரு, அதுதான்."

"தப்புதான். மன்னிச்சுக்கோ." அம்மா கொஞ்ச தூரம் நடந்தார். "ஆமா, உன் நோட்டுல சந்தேகப் பட்டியல்னு ஒண்ணு இருந்துச்சே. மூணுக்கு அப்புறம் நாலாவதா யாரு பேரு?"

மிளகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நியாயமா இருக்கணும்னு எழுதினேன்மா. உடனே அடிச்சிட்டேன்."

"எப்போ அடிச்ச?"

"நேத்து."

அம்மா நடுத்தெருவில் நின்று சிரித்தார். மிளகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை புதன்கிழமையில் இருந்து அவளுக்காகக் காத்திருந்தது போல இறுக்கமாகப் பிடித்தது.

திங்கட்கிழமை அவள் பள்ளிவிட்டு வந்தபோது கீபோர்டு மேசையின் இன்னொரு ஓரத்துக்குப் போயிருந்தது. அதன் வலது மூலைக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நான்காக மடித்த கோடுகள் அதில் தெரிந்தன.

'இங்கே யாரும் கை ஊன்றக் கூடாது. முக்கியமாக நிலைய மேலாளர்.' கீழே கையெழுத்து. தேதி. நேரம்.

மிளகு காகிதத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். 'குழந்தைகளுக்கு அனுமதி' என்ற எழுத்துகள் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு பக்கம் காலியாக இருக்கும் காகிதத்தை வீணாக்குகிற ஆளா லென்ஸ் சார்?